ரீமேட்ச் யாருக்கு என்பதை ரிங்கில் நடந்தது முடிவு செய்யட்டும்: நான்கு பெல்ட் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் உலக சாம்பியன் பெல்ட்டுகளை வழங்கும் டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ ஆகிய நான்கு அமைப்புகளின் தலைவர்களுக்கும் தரவரிசைக் குழு உறுப்பினர்களுக்கும்,

2024 மே 18 அன்று ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃப்யூரியை வென்று உங்கள் நான்கு பெல்ட்டையும் ஒரே ஆளாகக் கைப்பற்றினார். 1999 நவம்பரில் லெனாக்ஸ் லூயிஸ், எவாண்டர் ஹோலிஃபீல்டை வென்ற பிறகு, மறுபேச்சுக்கு இடமில்லாத ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன் என்று ஒருவரை நாங்கள் பார்த்தது அன்றுதான். ஆறு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. ஜூன் முடிவதற்குள் ஐபிஎஃப் பெல்ட் அவரிடம் இல்லை. யாரும் அவரை அடித்து வீழ்த்தி அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஃப்யூரியுடன் ரீமேட்ச், அதாவது மறுசண்டை, உண்டு என்று முதல் சண்டைக்கு முன்பே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஐபிஎஃப்போ கட்டாய சேலஞ்சருடன், அதாவது தரவரிசைப்படி சாம்பியன் மோதியே ஆக வேண்டியவருடன், மோத வேண்டிய முறை வந்துவிட்டது என்றது. ஒரே மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு பேருடன் எப்படி மோதுவார்? பெல்ட்டை விட்டுக்கொடுத்தார். இடைக்கால சாம்பியனாக இருந்த டேனியல் டுபுவா, அந்த பெல்ட்டுக்காக உசிக்குடன் மோதாமலேயே முழு சாம்பியன் ஆனார்.

அந்த டிசம்பர் 21 அன்று உசிக்கும் ஃப்யூரியும் மறுபடி மோதினார்கள். உசிக் மறுபடி வென்றார், மூன்று நடுவர்களும் 116-112 என்றே கொடுத்தார்கள். ஆனால் அன்று பந்தயத்தில் இருந்தது மூன்று பெல்ட்தான். நான்காவதை மீட்க 2025 ஜூலை 19 அன்று அவர் வெம்ப்ளியில் டுபுவாவுடன் மோத வேண்டியிருந்தது. இந்த டுபுவாவை அவர் 2023 ஆகஸ்ட்டிலேயே போலந்தில் ஒன்பதாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தவர். ரிங்கில் இழக்காத ஒன்றைத் திரும்பப் பெற, ஏற்கெனவே தோற்கடித்த ஒருவரை அவர் திரும்பத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது ரவுண்டில் அதையும் முடித்தார். அப்புறம் அதே ஆண்டு நவம்பரில் டபிள்யூபிஓ பெல்ட்டும் ஒரு குத்துகூட விழாமல் கைமாறி, இடைக்கால சாம்பியனாக இருந்த ஃபேபியோ வார்ட்லியிடம் போய்ச் சேர்ந்தது.

ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டாம் முறை. இதற்கு மேலும் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

நான் சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர் இல்லை, பத்திரிகைக்காரன் இல்லை, எந்த வீரரின் முகாமையும் சேர்ந்தவனும் இல்லை. ஹெவிவெயிட் சண்டைகளை நெடுங்காலமாகப் பணம் கட்டிப் பார்க்கிற ஒருவன். வர்ணனையாளர் சொல்வது காதில் விழுந்தால் கண் ஏமாறும் என்பதால் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டு, ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று ரவுண்டுக்கு ரவுண்டு எழுதிக்கொண்டு பார்க்கிறவன். முடிவை அறிவிப்பதற்கு முன் என் கூட்டலை முடித்து வைத்துக்கொள்வேன். நடுவர்களின் ஸ்கோர் கார்டு வெளியானதும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன். என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் மாதக்கணக்கில் வாதாடுகிறோம். இவருக்கு ரீமேட்ச் கிடைக்க வேண்டுமா கூடாதா என்பதுதான் அந்த வாதங்களில் பாதி. அந்த வாதத்தில் எங்களில் யார் ஜெயித்தாலும் பயன் இல்லை என்பதுதான் என் முதல் குறை. முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் பதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை எங்கள் கண்ணில் காட்டுவதே இல்லை.

எனக்கு ரீமேட்ச்மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. உசிக்கும் ஃப்யூரியும் மறுபடி மோத வேண்டும் என்று முதல் சண்டை முடிந்த நிமிடமே சொன்னவன் நான். ஒன்பதாவது ரவுண்டை நினைத்துப் பாருங்கள். உசிக்கின் இடது கை ஃப்யூரியின் முகத்தில் இறங்குகிறது. அவர் கயிற்றுக்குக் கயிறு தடுமாறிப் போகிறார். விழாமல் தாங்கியது கயிறுதான் என்று சொல்லி ரெஃபரி நடுவில் புகுந்து எட்டு எண்ணுகிறார். ரவுண்டு முடிய நொடிகளே மிச்சம். எண்ணாமல் சண்டையைத் தொடர விட்டிருந்தால் நாக் அவுட் ஆகியிருக்கும் என்று ஒரு கட்சி, அந்த எண்ணிக்கையே ஃப்யூரியின் தோல்விக்குக் காரணம் என்று இன்னொரு கட்சி. இரண்டு தரப்பும் கணக்கோடுதான் பேசுகிறது. உசிக்குக்கு 115-112, 114-113. ஃப்யூரிக்கு 114-113. அந்த எண்ணிக்கையால் உசிக்குக்குச் சாதகமாகக் கிடைத்த ஒரு புள்ளி வித்தியாசத்தை எடுத்துவிட்டால் ஒரு கார்டு உசிக்குக்கு, ஒன்று ஃப்யூரிக்கு, ஒன்று சமம். சண்டையே டிரா. இவ்வளவு நூலிழையில் முடிந்த சண்டைக்கு ரீமேட்ச் கேட்பது நியாயம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இல்லாமலே போயிருந்தாலும் அந்த ரீமேட்சுக்கு உத்தரவிட வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். அதற்குப் பதில், நியாயமாக நடக்க வேண்டிய அந்தச் சண்டைக்கு ஒரு பெல்ட்டை அபராதமாகக் கட்ட வைத்தீர்கள்.

இதைச் சரியாகச் செய்த முன்னுதாரணம் உங்களிடமே இருக்கிறது. 1999 மார்ச் 13, மேடிசன் ஸ்கொயர் கார்டன். லூயிஸ், ஹோலிஃபீல்ட் முதல் சண்டை. லூயிஸின் ஜாப், அந்த முன்கை நேர்க்குத்து, அன்று ஓயவே இல்லை. குத்துக் கணக்கெடுப்பின்படி லூயிஸ் இறக்கியது 348, ஹோலிஃபீல்ட் இறக்கியது 130. லூயிஸ் போட்டுப் புரட்டி எடுத்த ஐந்தாவது ரவுண்டைக்கூட ஒரு நடுவர் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்தார். முடிவு டிரா. அரங்கமே கொதித்தது. ஆனால் சரியாக எட்டு மாதத்தில், நவம்பர் 13 அன்று, லாஸ் வேகஸில் இருவரும் திரும்ப ரிங்குக்கு வந்தார்கள். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப் மூன்று பெல்ட்டும் அந்த மேஜையில் இருந்தன. லூயிஸ் ஒருமனதாக வென்றார். கதை அதோடு முடிந்தது. நடுவர் முடிவில் நியாயமான சந்தேகம் எழுந்தது, ரீமேட்ச் நடந்தது, பெல்ட்டுகள் சிதறவில்லை. அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

இதற்கு நேர் எதிரான ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. 2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலீஸ். லூயிஸுக்கும் விட்டாலி கிளிட்ச்கோவுக்கும் சண்டை. ஆறு ரவுண்டு முடிந்தபோது மூன்று கார்டிலும் கிளிட்ச்கோ 58-56 என்று முன்னே இருந்தார். ஆனால் இடது கண்ணுக்கு மேல் சதை பிளந்து தொங்கியது. மருத்துவர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். கிளிட்ச்கோ நிறுத்தாதே, நிறுத்தாதே என்று கையை ஆட்டினார். மருத்துவர் செய்தது சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முன்னிலையில் இருந்த சேலஞ்சர் காயத்தால் தோற்ற பட்டச் சண்டைக்கு ரீமேட்ச் கிடைக்கவில்லை என்றால் வேறு எதற்குக் கிடைக்க வேண்டும்? லூயிஸ் 2004 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்துவிட்டார். அவர் ஓய்வு பெறுவது அவர் உரிமை. நான் கேட்பது, அந்த எட்டு மாதத்தில் அந்தச் சண்டைக்கு ஒரு தேதி குறிக்கச் சொல்லும் விதி ஏன் இல்லை என்பதைத்தான். எங்கள் வட்டத்தில் இன்றுவரை தீராத வழக்கு அது.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். 2019 ஜூன் 1 அன்று ஆண்டி ரூயிஸ், சாம்பியனாக இருந்த ஆன்டனி ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் நிறுத்தினார். ரூயிஸ் அந்தச் சண்டைக்கு மாற்று ஆளாக வந்தவர். ஜரெல் மில்லர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் கிடைத்த வாய்ப்பு அது. மூன்றாவது ரவுண்டில் அவரே முதலில் விழுந்தார், எழுந்தார், ஜோஷுவாவை நான்கு முறை கீழே தள்ளினார். ஸ்கோர் கார்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லாத முடிவு. ஆனால் ரூயிஸுக்கு அடுத்த எதிராளி யார் என்பது அவர் வெல்வதற்கு முன்பே முடிவாகியிருந்தது. டிசம்பர் 7 அன்று சவூதி அரேபியாவில் அதே ஜோஷுவா. 283 பவுண்டுக்கு மேல் எடை ஏறி வந்த ரூயிஸ் புள்ளியில் தோற்றார். தயாராகாமல் வந்தது அவர் பொறுப்பு, அதை நான் யார் மேலும் போடவில்லை. ஆனால் தெளிவாகத் தோற்ற சாம்பியனுக்கு உடனே இரண்டாம் வாய்ப்பு, தெளிவாக வென்ற சேலஞ்சருக்கு அடுத்த அடியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்கூட இல்லை என்பது என்ன நியாயம்? ரீமேட்ச் ஷரத்து வழக்கமாகக் காப்பது பெரிய பெயரும் பெரிய புரமோட்டரும் உள்ள பக்கத்தைத்தான். சின்ன பெயர் உள்ளவர் வாய்ப்பு கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போடுகிறார்.

அந்த ஆண்டு வரிசையில் நின்றவர்களில் உசிக்கும் ஒருவர். ஹெவிவெயிட்டைவிடக் குறைந்த எடைப் பிரிவான குரூசர்வெயிட்டில் நான்கு பெல்ட்டும் வென்று 2019-ல் ஹெவிவெயிட்டுக்கு வந்து டபிள்யூபிஓவின் கட்டாய சேலஞ்சர் ஆனார். அவருக்குப் பட்டச் சண்டை கிடைத்தது 2021 செப்டம்பர் 25 அன்று. பெருந்தொற்றும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே ரீமேட்ச் ஒன்று குறுக்கே வந்து உட்கார்ந்திருந்தது. டிலியன் வைட்டின் கதை இதைவிட மோசம். டபிள்யூபிசி தரவரிசையில் 2017 கடைசியில் முதலிடத்துக்கு வந்தவர் அவர். ஆயிரம் நாளுக்கு மேல் பட்டச் சண்டைக்குக் காத்திருந்தார். நடுவில் போவெட்கினிடம் நாக் அவுட் ஆகி, ரீமேட்சில் அவரை வென்று, கடைசியில் 2022 ஏப்ரலில்தான் ஃப்யூரியின் எதிரே நின்றார். ஆறாவது ரவுண்டில் தோற்றார். 2018-ல் நின்றிருந்தால் வென்றிருப்பாரா என்று நாங்கள் இன்னும் பேசுகிறோம். பேசத்தான் முடியும். ஒரு குத்துச்சண்டை வீரரின் உடம்பு உச்சத்தில் இருப்பது சில ஆண்டுகள்தான். அதை வரிசையில் நிற்க வைத்தே கரைத்துவிட்டீர்கள்.

வைட் காத்திருந்த காலத்தில் நடந்தது ஃப்யூரிக்கும் அப்போதைய டபிள்யூபிசி சாம்பியன் டியாண்டே வைல்டருக்கும் இடையிலான சண்டைகள். 2018 டிசம்பர் 1 அன்று நடந்த முதல் சண்டை டிரா. 115-111 வைல்டருக்கு, 114-112 ஃப்யூரிக்கு, 113-113. பன்னிரண்டாவது ரவுண்டில் மல்லாந்து கிடந்த ஃப்யூரி எழுந்து நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் அதற்கு ரீமேட்ச் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். 2020 பிப்ரவரியில் ஃப்யூரி ஏழாவது ரவுண்டில் வைல்டரை நிறுத்தினார். தோல்வியை ஒப்புக்கொண்டு வைல்டரின் மூலையிலிருந்தே துண்டு பறந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிறகு மூன்றாவது எதற்கு? ஒப்பந்தத்தில் இருந்தது, அதனால். 2021 மே மாதம் ஒப்பந்தத் தகராறை விசாரித்த நடுவர் மன்றம் வைல்டருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குச் சில நாள் முன்புதான் ஃப்யூரியும் ஜோஷுவாவும் ஆகஸ்ட்டில் சவூதியில் நான்கு பெல்ட்டுக்கும் மோதப்போகிறார்கள் என்று செய்தி வந்து நாங்கள் துள்ளிக்கொண்டிருந்தோம். அந்தச் சண்டை நடக்கவே இல்லை. செப்டம்பரில் ஜோஷுவா உசிக்கிடம் பெல்ட்டுகளை இழந்தார். அக்டோபரில் நடந்த மூன்றாவது ஃப்யூரி, வைல்டர் சண்டை அற்புதமானது, ஐந்து முறை ஆள் விழுந்து பதினொன்றாவது ரவுண்டில் முடிந்தது. அதைக் காட்டி, பார்த்தீர்களா, ஷரத்து நல்லதுதானே என்று சிலர் வாதாடுகிறார்கள். நல்ல சண்டை வாய்த்தது இரண்டு வீரர்களின் நெஞ்சுரத்தால். விதி நல்லது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அந்த ஒரு சண்டைக்காக நாங்கள் இழந்தது, நான்கு பெல்ட்டும் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டிய ஒரு நாளை.

ரீமேட்ச் விஷயத்தில் உங்கள் நிலை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1964 பிப்ரவரியில் காசியஸ் கிளே (பின்னாளில் முகமது அலி) சன்னி லிஸ்டனை வென்றார். லிஸ்டனுடன் ரீமேட்சுக்கு ஒப்புக்கொண்டது விதிமீறல் என்று டபிள்யூபிஏ அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தது. அந்தப் பட்டம் எர்னி டெரலுக்குப் போனது. உலகம் முழுக்க முகமது அலியைத்தான் சாம்பியன் என்றது. 1978 பிப்ரவரியில், எட்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே அலியை வென்றார் லியான் ஸ்பிங்க்ஸ். கென் நார்ட்டனுடன் மோதாமல் அலிக்கே ரீமேட்ச் கொடுக்கப் போனதால் டபிள்யூபிசி பட்டத்தைப் பறித்து நார்ட்டனிடம் கொடுத்தது. அதன்பின் ஹெவிவெயிட் பட்டம் முழுதாக ஒருவர் கைக்கு வர மைக் டைசன் காலம் வரை ஆனது.

பிறகு 2015. நவம்பர் 28 அன்று டூசல்டார்ஃபில் ஃப்யூரி, விளாடிமிர் கிளிட்ச்கோவை வென்றார். இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கோபம் தொடங்கிய இடம் அது. பட்டம் வென்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கிளிட்ச்கோவுடன் ரீமேட்ச் ஷரத்து இருந்ததால் கட்டாய சேலஞ்சர் வியாசெஸ்லாவ் கிளாஸ்கோவுடன் மோத முடியாது என்ற காரணத்துக்காக ஐபிஎஃப் பெல்ட்டை எடுத்துக்கொண்டது. 2016 ஜனவரியில் அந்தக் காலி பெல்ட்டுக்கு கிளாஸ்கோவும் சார்ல்ஸ் மார்ட்டினும் மோதினார்கள். மூன்றாவது ரவுண்டில் கிளாஸ்கோவின் முழங்கால் போனது. அடி வாங்கி அல்ல, கால் வழுக்கி. மார்ட்டின் உலக சாம்பியன். ஏப்ரலில் ஜோஷுவா அவரை இரண்டாவது ரவுண்டில் முடித்தார். சரி, இவ்வளவுக்கும் காரணமான அந்த ஃப்யூரி, கிளிட்ச்கோ ரீமேட்ச் என்ன ஆனது? இருமுறை தேதி குறித்து இருமுறையும் நின்றுபோனது. கடைசிவரை நடக்கவில்லை. நடக்காத ஒரு சண்டைக்காக ஒரு பட்டம் உடைந்தது. முதல் தேதிக்காக எங்கள் வட்டத்தில் ஒருவர் விடுப்பு எழுதி, நுழைவுச் சீட்டு வாங்கி, பயணத்துக்கும் பணம் கட்டியிருந்தார். சீட்டுப் பணம் திரும்பி வந்தது, பயணப் பணம் வரவில்லை. அவர் அதற்குப் பிறகு ஹெவிவெயிட் சண்டைக்குச் சீட்டு வாங்கவே இல்லை. இப்படித்தான் ஒவ்வொருவராக இந்த விளையாட்டை விட்டுப் போகிறார்கள்.

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. விதிப்படி நடந்தோம், வரிசையில் நிற்பவரைக் காப்பது எங்கள் கடமை என்று ஐபிஎஃப் சொல்லலாம். அது உண்மைதான். வைட்டுக்காக யாராவது அவ்வளவு கறாராக நின்றிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். கறார் என் குறை இல்லை. நான்கு அமைப்புகளும் நான்கு கடிகாரத்தைச் சுவரில் மாட்டிவைத்து, ஒரே சாம்பியனை நான்கு நேரத்துக்கு ஓடச் சொல்கிறீர்கள், அதுதான் குறை. கட்டாய சேலஞ்சர்களை முறைவைத்துச் சந்திக்க உங்களுக்குள் ஒரு சுழற்சி ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டில் ரீமேட்சுக்கு என்று ஒரு கட்டம் இல்லை. புரமோட்டர்கள் அதைத் தனியாக எழுதிக்கொள்கிறார்கள், நீங்கள் தெரிந்தே முதல் சண்டைக்கு அனுமதி கொடுக்கிறீர்கள், பிறகு இரண்டும் முட்டிக்கொள்ளும்போது பெல்ட்டைப் பறிக்கிறீர்கள். முட்டும் என்று அனுமதி கொடுக்கும் அன்றே தெரியாதா?

ரீமேட்ச் இல்லையென்றால் பெரிய சாம்பியன்கள் ஆபத்தான சேலஞ்சரைத் தொடவே மாட்டார்கள் என்றும் சொல்வீர்கள். இந்த வாதத்தில் கொஞ்சம் சத்து இருக்கிறது. 1992-ல் ரிடிக் போவ், லூயிஸுடன் மோதுவதைவிட டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போடுவது மேல் என்று கேமரா முன்னால் போட்டே காட்டினார். ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் மோதிய அந்த இருவரும் தொழில்முறையில் மோதவே இல்லை. பயந்து ஒதுங்குபவர் எந்த விதியிலும் ஒதுங்குவார். ஆனால் மோத வருபவருக்கு ரீமேட்ச் என்ற காப்பு இருக்கட்டும், அதை ரிங்கில் நடந்தது கொடுக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பணத்தைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. ஒவ்வொரு பட்டச் சண்டைக்கும் வீரர்களின் பணத்திலிருந்து உங்களுக்கு அனுமதிக் கட்டணம் வருகிறது. ரீமேட்ச் என்றால் ஒரு கட்டணம். பெல்ட்டைப் பறித்துக் காலி பட்டத்துக்கு வேறொரு சண்டை வைத்தால் அதற்கும் கட்டணம். இடைக்கால பெல்ட்டுக்கும் கட்டணம். நீங்கள் பணத்துக்காகவே செய்கிறீர்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் பட்டம் உடையும் ஒவ்வொரு முறையும் வருமானம் கூடுகிற ஒரு ஏற்பாட்டில், பட்டத்தை உடைக்கும் முடிவை எடுப்பதும் நீங்களே என்றால், எங்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பும் உங்களுடையதுதான்.

என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, பட்டச் சண்டைக்கு அனுமதி கொடுக்கும்போதே அதன் ஒப்பந்தத்தில் ரீமேட்ச் ஷரத்து இருக்கிறதா, யாருக்கு, எத்தனை மாதத்துக்குள் என்று உங்கள் தளத்தில் வெளியிடுங்கள். தொகை எதுவும் வேண்டாம், அது அவர்கள் தனிப்பட்ட விஷயம். நாங்கள் பணம் கட்டிப் பார்ப்பது பட்டத்துக்கான சண்டையையா, இரண்டு சண்டையில் முதல் பாதியையா என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இரண்டாவது, தானாக அமலாகும் ரீமேட்ச் ஷரத்து உள்ள ஒப்பந்தத்துக்கு ஹெவிவெயிட் பட்டச் சண்டையில் அனுமதி தராதீர்கள். அதற்குப் பதில், சண்டை முடிந்த முப்பது நாளுக்குள் நான்கு அமைப்புகளும் சேர்ந்த ஒரு குழு ரீமேட்ச் உண்டா இல்லையா என்று எழுத்தில் முடிவு சொல்லட்டும். எதற்கு உண்டு என்பதை இப்போதே எழுதி வையுங்கள். டிரா, நடுவர்கள் பிரிந்து நின்ற முடிவு, முன்னிலையில் இருந்தவர் காயத்தால் நிறுத்தப்படுவது, விதிமீறிய அடியோ ரெஃபரியின் தவறோ முடிவை மாற்றியது. இவற்றுக்கு உண்டு. தெளிவான நாக் அவுட்டுக்கும் ஒருமனதான பெரிய புள்ளி வித்தியாசத்துக்கும் உடனடி ரீமேட்ச் கிடையாது. தோற்றவர் இன்னொரு சேலஞ்சரை வென்று வரட்டும். மோசமாக நாக் அவுட் ஆன ஒரு மனிதரை அதே கைகளின் எதிரே சில மாதத்தில் கொண்டுபோய் நிறுத்தாமல் இருக்க, அவர் உடல்நலத்தைக் கருதியும் இது வேண்டும்.

மூன்றாவது, அந்தக் குழு ரீமேட்சுக்கு உத்தரவிட்டால் அது முடியும்வரை நான்கு அமைப்புகளின் கட்டாய சேலஞ்சர் கெடுவும் ஒன்றாக நிற்க வேண்டும். அதிகபட்சம் ஒன்பது மாதம் என்று வையுங்கள். அதற்குள் சண்டை நடக்காவிட்டால் ரீமேட்ச் உரிமை போய்விட வேண்டும். 2016-ல் நடந்தது போல முடிவே இல்லாமல் இழுக்க யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

நான்காவது, அப்படி நிறுத்திவைக்கப்படும் சேலஞ்சருக்கு அடுத்த சண்டை அவருடையதுதான் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். காத்திருக்கும் காலத்துக்கு ஒரு தொகையும் கொடுங்கள், ரீமேட்ச் சண்டையில் உங்களுக்கு வரும் அனுமதிக் கட்டணத்திலிருந்தே கொடுங்கள். மூன்றாவது சண்டை என்ற பேச்சு அவர் முறை முடிந்த பிறகுதான்.

ஐந்தாவது, ரீமேட்சுக்கு முதல் சண்டையின் நடுவர்களையும் ரெஃபரியையும் நியமிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு பேரும் புதியவர்களாக இருக்கட்டும்.

கடைசியாக, சாம்பியன் ரிங்கில் தோற்காமல் பெல்ட் கைமாறும்போது, புதிதாக வைத்திருப்பவரை முழு சாம்பியன் என்று அறிவிக்காதீர்கள். அவர் பழைய சாம்பியனுடன் மோதும்வரை, அல்லது பழைய சாம்பியன் ஓய்வை அறிவிக்கும்வரை, இடைக்கால சாம்பியன் என்றே இருக்கட்டும்.

இந்த ஆறையும் உங்கள் அடுத்த ஆண்டு மாநாடுகளில் தீர்மானமாக முன்வைத்து, ஏற்பதை ஏற்றும் மறுப்பதை மறுத்தும், மறுத்தால் என்ன காரணத்துக்காக என்பதையும் எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஹெவிவெயிட் ரசிகன்